மூழ்கிய வீடுகளும் அரசாங்கப் பிணையும்

நான் பள்ளியில் வரலாறு கற்பித்த நாளில், அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தைப் பற்றிய பாடம் ஒரே பிற்பகலில் முடிந்துவிடும். 1929-இல் பங்குச் சந்தை வீழ்ந்தது, 1933-இல் ரூஸ்வெல்ட் பதவியேற்றார், வீடிழக்கும் நிலையில் இருந்தோரை அரசாங்கம் காப்பாற்றியது, அவ்வளவே. ஓர் ஆண்டு, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, காப்பாற்ற முடியாமல் ஏலத்துக்குப் போன வீடுகள் என்ன ஆயின? அவற்றை யார் வாங்கினார்கள்?" என்று கேட்டான். பாடநூலில் விடை இல்லை, என்னிடத்தும் இல்லை. அடுத்த வகுப்பில் சொல்வதாகக் கூறித் தப்பினேன். பரீட்சை நெருங்கியது, அந்த அடுத்த வகுப்பு வரவேயில்லை. அன்று பட்ட கடனை இன்று தீர்க்க முயல்கிறேன்.

அடகு வைத்த நகையை மீட்க முடியாமற் போனால் 'மூழ்கிப் போயிற்று' என்கிறோம். நகை மூழ்கினாலும் பொன் பொன்னாகவே இருக்கும். வீடு அத்தகையதன்று. தவணை கட்ட வழியற்றவன் கூரையைச் செப்பனிடுவானா? அவன் வெளியேறிய பின்னர் வீடு பூட்டிக் கிடக்கும். அமெரிக்காவின் வட மாநிலங்களில், கணப்பு அணைந்த வீட்டின் குழாய்களில் குளிர்காலத்தில் நீர் உறைந்து விரிகிறது, குழாய் வெடிக்கிறது. பனி உருகும்போது சுவரும் தரையும் நனைந்து பூஞ்சணம் படர்கிறது. ஒரே குளிர்காலம் போதும், நல்ல வீடு பாழாவதற்கு. பிறகு அதை வாங்க வருகிறவனுக்கு யார் கடன் கொடுப்பார்? இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஒரு நூற்றாண்டுக் கதை சுழல்கிறது.

பெருமந்தத்துக்கு முன்னர் அந்நாட்டில் வீட்டுக் கடன் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு மேற்படாத குறுங்கடனே. வட்டியை மட்டும் கட்டி வந்து, முடிவில் முதலை ஒரேயடியாகத் திருப்ப வேண்டும். அல்லது கடனைப் புதுப்பிக்க வேண்டும். வங்கிகளே முறிந்தபோது புதுப்பிப்பார் யார்? 1933-இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் கடன் கொடுத்தோர் வசமாயின. அவ்வாண்டு ஜூன் மாதம் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்றொரு நிறுவனத்தை அரசாங்கம் தோற்றுவித்தது. அது பத்து இலட்சம் குடும்பங்களின் பழைய கடனைத் தன் பொறுப்பில் ஏற்று, 15 ஆண்டுத் தவணையாக மாற்றிக் கொடுத்தது.

பாடநூல் இங்கே நின்றுவிடுகிறது. ஆனால் அந்தப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் வீடுகள் பின்னரும் மூழ்கின. கழகமே அவற்றுக்கு உரிமையாளராயிற்று. அது அவற்றைக் கிடந்தபடியே ஏலத்தில் தள்ளிவிடவில்லை. தச்சரையும் வண்ணம் பூசுவோரையும் அமர்த்திப் பழுது பார்த்தது, வாடகைக்கு விட்டது, சந்தை தேறியபோது சிறுகச் சிறுக விற்றது. 1951-இல் கணக்கை முடித்தபோது சிறிதளவு இலாபமே மிஞ்சியது. என் மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய முதல் விடை இது.

1934-இல் பிறந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வேறு வகையானது. எப்.எச்.ஏ. என்று அதைச் சுருக்கி அழைப்பர். அது கடன் கொடுப்பதில்லை. வங்கி கொடுக்கும் கடனுக்குப் பிணை நிற்கிறது. கடன்பட்டவன் தவறினால் வங்கி வீட்டைக் கைப்பற்றி நிர்வாகத்திடம் ஒப்படைத்து, தன் பணத்தைப் பெற்றுக்கொள்ளும். பிணை நிற்பவன் பண்டத்தைப் பார்க்காமல் நிற்பானா? ஆகவே வீட்டின் நிலை பற்றிக் குறைந்தபட்ச விதிகள் வகுக்கப்பட்டன. கட்டடம் உறுதியாக இருக்க வேண்டும். குடியிருப்போருக்குத் தீங்கு நேரலாகாது. கடனுக்கு ஈடாக நிற்கும் மதிப்பு அதற்கு இருக்க வேண்டும். பிற்காலத்து விதியொன்று, கூரை இன்னும் இரண்டாண்டேனும் தாங்க வேண்டும் என்கிறது. ஈயம் கலந்த வண்ணம் வீடுகளில் தடை செய்யப்பட்ட 1978-க்கு முற்பட்ட வீடானால், உரியும் வண்ணத்தைச் சீர் செய்த பின்னரே பிணை கிடைக்கும்.

இவ்விதிகள் அந்நாட்டில் வீடு கட்டும் தரத்தையே உயர்த்தின என்பதை மறுக்க இயலாது. ஆனால் அதே நிர்வாகத்தின் கையேடு, வீட்டை மட்டுமன்றி அக்கம் பக்கத்தாரின் நிறத்தையும் மதிப்பிடச் சொல்லிற்று! கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களுக்குப் பிணை மறுக்கப்பட்டது. கூரையை மாற்றலாம், தோலை மாற்ற முடியுமா? கடன் கிடைக்காத தெருவில் பழுது பார்க்கப் பணமில்லை. பழுது பார்க்காத வீடு விதிக்குள் அடங்காது. இந்தச் சுழலில் நகரங்களின் பழைய பகுதிகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேய்ந்தன.

1968-இல் நியாய வீட்டுவசதிச் சட்டமும், ஏழைகள் வீடு வாங்க வட்டிச் சலுகை தரும் சட்டமும் வந்தன. நோக்கம் நல்லதே. பழைய பகுதிகளுக்காக விதிகளும் தளர்த்தப்பட்டன. நடந்ததைக் கேளுங்கள். டெட்ராய்ட், பிலடெல்பியா முதலிய நகரங்களில் வியாபாரிகள் இடிந்த வீடுகளை அற்ப விலைக்கு வாங்கினர். மேலே ஒரு பூச்சுப் பூசினர். மதிப்பீட்டாளர் சிலருக்குக் கையூட்டுக் கொடுத்துப் பன்மடங்கு விலை போடச் செய்தனர். வாங்கியவர்களில் பலர், பிள்ளைகளைத் தனியே வளர்த்த கறுப்பினத் தாய்மார். அரசாங்கமே பார்த்துச் சான்றளித்த வீடு என்று நம்பிக் குடிபுகுந்தனர். முதற் குளிர்காலத்திலேயே கணப்பு நின்றது, கூரை ஒழுகியது. பழுது பார்ப்பதா, தவணை கட்டுவதா? வீடு மூழ்கிற்று. வங்கிக்கு நட்டமில்லை, பிணை இருந்ததே! டெட்ராய்டில் மட்டும் ஆயிரக்கணக்கான பாழ் வீடுகள் அரசாங்கத்தின் தலையில் விழுந்தன. அப்போது அத்துறையின் அமைச்சராக இருந்த ஜார்ஜ் ராம்னி, டெட்ராய்ட் அமைந்த மிச்சிகன் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். 1973 ஜனவரியில் நிக்சன் அரசாங்கம் புதிய மானிய உதவிகளையே நிறுத்தி வைத்தது. தவறிய மதிப்பீட்டுக்குத் தண்டனை பெற்றவர் சிலர். கொடுத்த முன்பணத்தையும் நற்பெயரையும் இழந்த தாய்மாரோ பலர்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. அந்த மதிப்பீடு, பிணை நிற்பவரின் பணத்தைக் காக்க ஏற்பட்டது. குடியிருக்கப் போகிறவரைக் காப்பது அதன் முதல் வேலையன்று. வீட்டின் நிலைக்கு நாங்கள் உறுதி கூறவில்லை, தனியே ஓர் ஆய்வாளரை அமர்த்திப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பின்னாளில் நிர்வாகமே வாங்குவோருக்கு அறிவிப்பு அளித்தது. நேர்மையான அறிவிப்புத்தான், முப்பதாண்டு முன்னரே வந்திருக்கலாம்.

விதி இறுகினாலும் ஏழைக்கு நட்டமுண்டு. பழுதுபட்ட வீட்டுக்குப் பிணை இல்லையென்றால், கையில் ரொக்கம் வைத்திருப்பவனே அதை மலிவாக எடுத்துக்கொள்வான். இதற்கு மாற்றாக, வீடு வாங்கும் தொகையையும் செப்பனிடும் தொகையையும் ஒரே கடனாகத் தரும் 203-கே என்ற பிரிவு 1978-இல் திருத்தி அமைக்கப்பட்டது. செப்பனிட்ட பின் வீடு பெறக்கூடிய மதிப்பே கடனுக்கு அடிப்படை. பழுதுக்கான பணம் தனியே வைக்கப்பட்டு, வேலை முடிய முடிய வழங்கப்படும். 2005-ஆம் ஆண்டின் இறுதியில், கீறல் விட்ட கண்ணாடி போன்ற சிறு குறைகளுக்காகக் கடனை நிறுத்த வேண்டாம் என்றும் நிர்வாகம் அறிவித்தது.

அடுத்து வந்தது 2008-இன் நெருக்கடி. மீண்டும் தெருத் தெருவாக வீடுகள் மூழ்கின. பூட்டிய வீடுகளில் செப்புக் குழாய்களைக் கூடத் திருடர் பிடுங்கிச் சென்றனர். குழாயில்லாத வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று மதிப்பீட்டாளர் எவ்வாறு சோதிப்பார்? அத்தகைய வீடுகள் பலவற்றை, வாடகைக்கு விடும் முதலீட்டாளர்களே ரொக்கம் கொடுத்து வாங்கிக் குவித்தனர்.

அரசாங்கம் தன் கைக்கு வந்த வீடுகளை உள்ளது உள்ளபடியே விற்கிறது. ஆயினும் தொடக்க நாட்களில், குடியிருக்க வாங்குவோரின் விலைக் கோரிக்கைகளையே ஏற்கும். ஆசிரியன் என்ற முறையில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்றும் உண்டு. நலிந்த பகுதிகளில் இருக்கும் இத்தகைய வீடுகளை ஆசிரியர், காவலர், தீயணைப்போர் முதலியோருக்குப் பாதி விலைக்குத் தருவதென்றும், மூன்றாண்டு அவர்கள் அங்கேயே குடியிருக்க வேண்டுமென்றும் அத்துறை ஒரு திட்டம் வகுத்தது. கூரை ஒழுகினால், 203-கே பிரிவின்கீழ் அவர்கள் கடன் கேட்கலாம்.