நீலகிரியின் பாறையும் அதைப் போர்த்திய மண்ணும்: பழைய ஏடுகளின் வழி ஓர் ஆய்வு

நீலகிரியின் நிலவியலைத் தேடி நூலகத்துக்குப் போகிறவர், அந்த மலையின் பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1830களில் எழுதிய மருத்துவர் பென்சா 'நீல்கெர்ரி' என்கிறார். 1850களின் இறுதியில் நிலவியலாளர் எச்.எஃப். பிளான்ஃபோர்டுக்கு அது 'நில்கிரி'. 1880இல் மாவட்டக் கையேட்டைத் தொகுத்த கிரிக்தான் நம் வாயில் வழங்கும் 'நீலகிரி'க்கு அருகே வருகிறார். இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் வைத்துப் பட்டியலைப் புரட்டினால், முதல் அரை நூற்றாண்டு கண்ணில் படாமலே போய்விடும்.

அந்த அரை நூற்றாண்டு முக்கியமானது. இந்த மலையில் படித்தறிய வேண்டியவை இரண்டு: அடியிலிருக்கும் கெட்டிப் பாறை, அதன்மேல் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிக் கிடக்கும் செம்மண். பென்சா இரண்டையும் பார்த்தார். மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ் இதழில் வெளியான அவரது கட்டுரையில், புல்லுக்கடியில் உள்ள கரிய மண், அதற்கும் கீழே களிமண்ணாக உருமாறிய பாறை என்று அடுக்கடுக்காக விவரிப்பு வருகிறது. நிலவியல் இங்கே ஒரு தனித்துறையாக வேரூன்றாத காலம் அது. கண்ணால் கண்டதையெல்லாம் ஒருவர் பொறுமையாகக் குறித்து வைத்ததன் பயனை நாம் இன்று அனுபவிக்கிறோம்.

1851இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தொடங்கியது. அதன் ஆய்வேட்டு வரிசையின் முதல் தொகுதியிலேயே பிளான்ஃபோர்டின் நீலகிரி ஆய்வு இடம்பெற்றது. சென்னையின் பழைய நூலகம் ஒன்றில் அந்தத் தொகுதியைப் பிரித்தபோது, தாள் ஓரங்கள் விரல் பட்டாலே உதிர்ந்தன. இத்தகைய தொகுதிகளில் பின்னட்டையை ஒட்டி மடித்து வைத்த வரைபடம் இருக்கிறதா என்று பார்க்காமல் மூடிவிடக் கூடாது. சொற்கள் விட்ட இடத்தை அந்தப் படங்களின் வண்ணங்கள் நிரப்பும்.

அந்நாளைய அளவையாளர்கள் நீலகிரியின் கெட்டிப் பாறையை 'நீலகிரி நைஸ்' என்று அழைத்தார்கள். பெயர் மாறிய கதை கல்கத்தாவில், ஒரு கல்லறையில் நிகழ்ந்தது. அந்நகரின் தொடக்கத்தோடு பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, அது சென்னைக்கு அருகே பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் கிடைக்கும் கல்லோடு ஒத்திருப்பதைக் கண்டார். 1893இல் அந்தக் கல்லுக்குச் சார்னாக்கின் பெயராலேயே 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் அதன் அடையாளம். புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுக்கும் நீலம் கலந்த சாம்பல் நிறமும் தெரியும். 1900இல் வெளியிட்ட விரிவான ஆய்வேட்டில் ஹாலந்து பல்லாவரம், சேர்வராயன், நீலகிரிப் பாறைகளை ஒரே குடும்பமாகச் சேர்த்து, பாறைக் குழம்பிலிருந்து பிறந்தவை என்று வாதிட்டார்.

அந்த ஒரு முடிவைச் சுற்றியே அடுத்த அறுபது ஆண்டு இலக்கியம் சுழன்றது. 1945இல் பி. ராமராவ் மைசூர்ப் பாறைகளை வைத்து மறுபரிசீலனை செய்தார். 1959இல் ஏ.பி. சுப்பிரமணியம் பல்லாவரத்துக்கே திரும்பிச் சென்று, ஹாலந்து ஒரு குடும்பமாகக் கண்டவை எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்தவை ஆகா என்று பிரித்துக் காட்டினார். நீலகிரிப் பாறைகள் புவியோட்டின் ஆழத்தில், 20 கிலோமீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்தில் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருமாறியவை என்பது பின்னாளில் வந்த கணிப்பு. வடக்கே மோயாறு, தெற்கே பவானி ஆகிய இரு பெரும் பிளவு மண்டலங்களுக்கு நடுவே அந்த ஆழத்துப் பாறை மேலெழுந்து நிற்கிறது.

ஹாலந்தின் ஆய்வேட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனாலும் அதன் ஈர்ப்பில் மேலே கிடந்த மண் பின்னுக்குப் போய்விட்டது என்பது என் கருத்து. பாறையியலாளருக்கு மக்கிய கல் தடை. மக்காத முகம் தெரியும்வரை சுத்தியலால் தட்டித் தள்ள வேண்டிய ஒன்று. 1978 நவம்பர் மழையில் மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்த பிறகே அந்தச் செம்மண் போர்வையின் தடிமன், நீரை உறிஞ்சும் தன்மை, சரிவின் சாய்வு ஆகியவை பெரிய அளவில் ஆராயப்பட்டன. 2009 நவம்பரில் மறுபடியும் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பென்சா விவரித்த அதே அடுக்குதான் அங்கெல்லாம் பெயர்ந்தது. நிலச்சரிவு பற்றி எழுதுகிறவர் தம் தேடலை 1978இலிருந்து தொடங்காமல், அவரது கட்டுரையையும் எடுத்து வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குன்னூரிலிருந்து ஊட்டிக்குச் செல்லும் சாலையில், மலையை வெட்டிய இடங்களில் பாறை, மண் இரண்டையும் ஒருசேரப் பார்க்கலாம். செங்களிமண் சுவருக்குள் ஓர் உருண்டைப் பாறை பதிந்திருக்கும். வெங்காயத் தோல்போல வெளிப்புறம் அடுக்கடுக்காக உரிந்து, தொட்டால் கையோடு வரும். உள்ளே இன்னும் மக்காத கரு, நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும்.