கைப்பணமும் நஷ்டஈடும்

பெங்களூரின் ஈஜிபுராவில் கட்டட வேலைக்குச் செல்லும் தமிழர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தார் என்று கொள்வோம். கூலி அன்றே நின்றுவிடும். மருந்துச் செலவோ அன்றே தொடங்கிவிடும். அச்செலவை ஏற்பவர் யார்? இவ்வினாவுக்குச் சட்டம் நேரான விடை கூற 86 ஆண்டுகள் சென்றன.

1884-இல் ஜெர்மனி இயற்றிய விபத்துக் காப்புச் சட்டம் சிகிச்சைச் செலவையும் கருதிற்று. 1897-இல் பிரிட்டன் இயற்றிய சட்டமோ ஊதிய இழப்பையே பெரிதும் நோக்கிற்று. அதன் அடியொற்றிய நமது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் மரணத்துக்கும் ஊனத்துக்கும் தொகை வகுத்தது. சிகிச்சைக்காக முதலாளி கொடுத்த பணத்தை நஷ்டஈட்டில் கழிக்கலாகாது என்றும் அது விதித்தது. ஆனால், கொடுத்தே தீரவேண்டும் என்று கட்டளையிடவில்லை. 1948-இல் பிறந்த ஈ.எஸ்.ஐ. சட்டம் காப்புறுதி பெற்றோருக்கு மருத்துவம் அளித்தது. அன்றாடக் கூலியாளர் பெரும்பாலோர் அதற்குப் புறம்பாகவே நின்றனர்.

2009-இல் செய்யப்பெற்ற திருத்தம் 2010 ஜனவரி 18 முதல் அமலுக்கு வந்தது. வேலையின்போது நேர்ந்த காயத்துக்குத் தொழிலாளி உண்மையில் செலவிட்ட மருத்துவப் பணத்தை முதலாளி திருப்பித் தரவேண்டும் என்று அது விதித்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவ்விதியைத் தழுவிக்கொண்டது.

வெளிமாநிலத்தில் உழைக்கும் நமக்கு மற்றொரு திருத்தமும் பெருந்துணை. விபத்து நிகழ்ந்த ஊரில் மட்டுமன்றி, தாம் வசிக்கும் ஊரிலும் வழக்குத் தொடரலாம் என்னும் உரிமை 1995-இல் கிட்டியது. ஆதலால், ஊர் திரும்பியவர் மனம் தளர வேண்டுவதில்லை.

செலவு உண்மையானது என்பதற்குச் சான்று வேண்டும். மருந்துக் கடையின் சிறு ரசீதையும் நாம் பேணிக் காப்போமாக.