எடைக்குப் போகாத பூச்சாடி

வேலை நிமித்தம் கியோட்டோ போனபோது, தோஜி கோயிலில் மாதந்தோறும் 21ஆம் தேதி கூடும் சந்தையில் ஒரு வெண்கலப் பூச்சாடி வாங்கினேன். ஒரு சாண் உயரம், நல்ல கனம். போருக்கு முந்தியது என்றார் கடைக்காரர்.

ஜப்பானியர் வெண்கலத்தைக் 'கராகனே' என்பார்கள். சீனத்து உலோகம் என்று பொருள். புத்தர் சன்னிதியில் தூபக்கால், மெழுகுவர்த்தித் தண்டு, பூச்சாடி மூன்றையும் வரிசையாக வைக்கும் வழக்கமும் சீனத்திலிருந்து வந்ததுதான். பிறகு சாடி வீட்டு வரவேற்பறை மாடத்துக்கும் வந்தது. பூ அமைப்பது தனிக்கலை ஆயிற்று.

1876இல் பொது இடங்களில் வாள் அணிவதற்குத் தடை வந்தது. வாளுக்கு அணிவேலை செய்து பிழைத்தவர்கள் பலர் பூச்சாடி செய்யத் தொடங்கினார்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் விரும்பி வாங்கின. 1941இல் உலோகச் சேகரிப்பு ஆணை பிறந்தது. கோயில் மணிகளும் வீட்டுப் பாத்திரங்களும் போருக்காக உருக்கப்பட்டன. கடைக்காரர் சொன்னது சரியென்றால், யாரோ ஒருவர் இந்தச் சாடியைக் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

எங்களிடம் எந்த அரசும் கேட்கவில்லை. ஊரில் வீட்டை விற்றபோது, அப்பாயியின் பெயர் வெட்டிய பித்தளைக் குடம், அண்டா, தவலை எல்லாவற்றையும் "எடைக்குப் போட்டுடுங்க" என்று தொலைபேசியில் சொன்னவன் நான்தான்.

சென்ற வாரம் மகள் அந்தச் சாடியில் டாஃபோடில் வைத்தாள்.

"இது நம்ம வீட்டுப் பழைய பொருளா அப்பா?"

"இல்லம்மா" என்றேன்.