அரிவாளை விட்டுவிட்டு வந்த விதை

1835 டிசம்பரில் நியூசிலாந்தின் வைமாட்டே மிஷன் பண்ணைக்குப் போன சார்லஸ் டார்வின், அங்கே வளர்ந்திருந்த ஐரோப்பியச் செடிகளைக் குறித்துவைத்தபோது, வேலிக்காக நட்ட கோர்ஸையும் அதில் சேர்த்தார். மேற்கு ஐரோப்பாவின் பொட்டல் வெளிகளைச் சேர்ந்த முட்புதர் அது. இலைகளே முள்ளாகி, மஞ்சள் பூக்களால் மூடி நிற்கும். 1900-ல் அதே நாடு கொண்டுவந்த களைச் சட்டத்தில் அதன் பெயர் ஏறிவிட்டது. அறுபத்தைந்து ஆண்டுகளில் வேலி எப்படிக் களையானது? புது மண், இதமான மழை, இயற்கை எதிரிகள் இல்லாத நிலம் என்பதே வழக்கமான விடை. அது பாதி உண்மைதான். கோர்ஸைப் பிறந்த ஊரில் அடக்கி வைத்திருந்தது அரிவாள். குடியேறியவர்கள் விதையைக் கப்பலேற்றினார்கள். அதை ஓயாமல் வெட்டித் தீர்த்த வாழ்க்கைமுறையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

அந்த வாழ்க்கைமுறை எளிதானதல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அயர்லாந்திலும் நிலமில்லாத ஏழைக்குப் பொதுநிலத்து கோர்ஸ்தான் விறகு. எண்ணெய்ப் பசையுள்ள அந்தச் சுள்ளி சடசடவென்று பற்றிக் கடும் சூடு தரும் என்பதால், ரொட்டி அடுப்புக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டுக்கட்டாகப் போனது. அதை வெட்டிக்கொள்வது ஊராரின் உரிமை. யார், எப்போது, எவ்வளவு வெட்டலாம் என்று கட்டுப்பாடு வைத்த ஊர்களும் உண்டு. இளங்குருத்தை நசுக்கி முள்ளின் கூர்மையைப் போக்கினால் குளிர்காலத்தில் குதிரைக்கும் மாட்டுக்கும் நல்ல தீவனம். அதற்கென்றே வேல்ஸில் தண்ணீரால் சுழலும் ஆலைகளைக் கட்டினார்கள். ஸ்காட்லாந்தில் நம் செக்கைப் போலக் குதிரை சுற்றிவரும் கல் உருளைகள் இருந்தன. சாம்பல்கூட வீணாகவில்லை, துணி வெளுக்கவும் நிலத்துக்கு உரமாகவும் ஆனது. தாமஸ் ஹார்டியின் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்' நாவல் 1878-ல் வந்தது. அதன் நாயகன் கண்பார்வை மங்கியபின் செய்யும் வேலை கோர்ஸ் வெட்டுவது. ஆங்கிலேய வாசகருக்கு அது விளக்கம் தேவைப்படாத ஒரு தொழில். இத்தனை கைகள் தேடிவந்து வெட்டிய செடி காடாக மண்ட இடமே இருக்கவில்லை.

நியூசிலாந்தில் நடந்தது வேறு. மரச்சட்டத்துக்கும் கம்பிக்கும் செலவு அதிகம், விதை மலிவு. ஆகவே வயலோரமெல்லாம் கோர்ஸ் விதைத்தார்கள். விறகுக்குக் காடு இருந்தது, தீவனத்துக்குப் பரந்த புல்வெளி இருந்தது. கோர்ஸை வெட்ட வேலியைச் சீராக்குவதைத் தவிர ஒரு காரணமும் இல்லை. அப்படி ஆண்டுதோறும் கத்தரித்த கேன்டர்பரி வேலிகள் வேலியாகவே நின்றன. கவனிப்பாரற்ற வேலியிலிருந்து வெயிலில் வெடித்த நெற்றுகள், காட்டை எரித்து வெறுமையாக்கிய சரிவுகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் விதையைச் சிதறடித்தன. அந்த விதை மண்ணுக்குள் முப்பது ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். செடிக்குத் தீயிட்டால் அடிக்கட்டை துளிர்க்கும், கிடந்த விதையும் முளைக்கும். அமெரிக்காவின் ஓரிகன் கரையில் இன்னும் கொடூரமான விளைவு. அயர்லாந்தின் பாண்டனிலிருந்து 1870-களில் வந்த ஜார்ஜ் பென்னெட் சொந்த ஊரின் பெயரையும் சொந்த ஊரின் கோர்ஸையும் அங்கே நிலைநாட்டினார். 1936 செப்டம்பரில் காட்டுத்தீ ஊரை நெருங்கியபோது, வெட்டப்படாமல் மண்டிக் கிடந்த கோர்ஸ் அதற்கு எண்ணெய் வார்த்தது. பாண்டன் நகரம் ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோனது.

தாய்நிலத்தில் கோர்ஸைத் தின்னும் பூச்சிகள் இருந்தனவே, அவைதானே காரணம் என்று தாவரவியல் அறிந்தவர்கள் மறுக்கலாம். அந்த யோசனையில்தான் 1931-ல் நியூசிலாந்து கோர்ஸ் விதையைத் தின்னும் கூன்வண்டை வரவழைத்துப் பரப்பியது. வண்டு நன்றாகவே பெருகியது; ஆனால் அது வசந்தகால நெற்றுகளைத்தான் தாக்கும். இலையுதிர்காலத்திலும் பூக்கும் கோர்ஸ் தன் விதைக் கையிருப்பைக் காப்பாற்றிக்கொண்டது. இதைவிட வலுவான சான்று ஸ்பெயினின் கலீசியாவில் இருக்கிறது. அங்கே கோர்ஸ் மண்ணின் செடி, அதன் எதிரிகளும் அங்கேயே இருக்கின்றன. கலீசிய உழவர்கள் அதை வெட்டித் தொழுவத்தில் பரப்பி, சாணத்தோடு மட்கவைத்து வயலுக்கு இட்டார்கள். வேருக்குள் நைட்ரஜனைச் சேர்க்கும் குடும்பத்துச் செடி என்பதால் உரம் வளமானது. இருபதாம் நூற்றாண்டில் செயற்கை உரம் வந்தது, இளைஞர்கள் கிராமத்தை விட்டு வெளியேறினார்கள். பூச்சிகள் போகவில்லை, வெட்டுபவர்கள்தான் போனார்கள். இன்று அந்த மலைகளில் கோடைத் தீக்கு இரையாவது, வெட்ட ஆளின்றி மண்டிய புதர்களும்தான்.

அப்படியானால் வெட்டாமல் விட்டே வென்ற ஹினேவாய் காப்பகம் என் வாதத்தை உடைக்கிறதா? நியூசிலாந்தின் பேங்க்ஸ் தீபகற்பத்தில் 1987 முதல் ஹ்யூ வில்சன் கோர்ஸைத் தொடாமல் விட, அதன் நிழலில் முளைத்த உள்ளூர் மரங்கள் மேலெழுந்து, ஒளி கிடைக்காத கோர்ஸைச் சாகடித்தன. ஆனால் அங்கும் ஆடுமாடுகளையும் தீயையும் தள்ளிவைக்க ஓயாத காவல் தேவைப்பட்டது. மனித உழைப்பு அங்கே வெட்டுவதிலிருந்து காப்பதற்கு மாறியது, அவ்வளவே. தவிர, அந்த வழி காடு வேண்டிய இடத்துக்குத்தான் பொருந்தும். ஆங்கிலேயர் கொண்டுவந்த கோர்ஸ் நீலகிரியிலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் பிடித்திருப்பது மலைப் புல்வெளிகளை. அங்கே கோர்ஸுக்கு மேல் மரம் வளர்ந்தால் காப்பாற்ற வந்த புல்வெளியே போய்விடும். ஆகவே அங்கே புதரைப் பிடுங்கும் முதல் ஆண்டுக்கு மட்டும் பணமும் ஆளும் ஒதுக்கினால் போதாது. மண்ணில் விதை உயிரோடு இருக்கும் முப்பது ஆண்டுக்கும் சேர்த்து இப்போதே ஒதுக்க வேண்டும்.