ஒத்தவருள் முந்துபவர் யார்?

திருகோணமலைக்கு வடக்கே, கடலோரத்தில் அமைந்த சிற்றூர் சல்லி. அங்குள்ள மீனவக் குடும்பங்களுக்கு உதவி வழங்குதற்பொருட்டுப் பெயர் வரிசையில் ஒரு பட்டியல் எழுதுவதாகக் கொள்வோம். ஒரே பெயருடையார் இருவர் இருப்பின் எவரை முன்னே எழுதுவது? தந்தை பெயரின் முதலெழுத்தைக் கொண்டு வேறுபாடு காண்பது தமிழர் வழக்கம். அதுவும் ஒத்துவிடின் என் செய்வது?

இவ்வினா மிகப் பழையது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்தரமேரூரிற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் அதற்கு விடை கூறுகின்றன. வாரியத்தில் அமர விரும்புவோர்க்கு நிலம், மனை, வயது, கல்வி, ஒழுக்கம் எனப் பல தகுதிகள் வகுக்கப்பட்டன. தகுதியால் ஒத்தவருள் ஒருவரைத் தேர, சிறுவன் ஒருவன் குடத்தினின்றும் ஓலை எடுத்தான். முடிவு தற்செயலாயினும், அம்முறை கல்லில் எழுதப்பட்டு யாவரும் அறிய நின்றது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் துளையட்டைகளைப் பொறிகள் வகைப்படுத்தின. ஒரே எண் கொண்ட அட்டைகள், அடுக்கில் முன்னிருந்த வரிசை குலையாமலே வெளிவந்தன. 1970இல் எட்கார் காட் என்னும் அறிஞர் வேறொரு கருத்தை முன்வைத்தார். தரவுத்தளத்தின் அட்டவணை ஒரு கணமே. அதன் உறுப்புகளுக்கு இயல்பான முன்பின் இல்லை என்றார். எனவே, பெயர்வழி வரிசைப்படுத்துக எனப் பணித்தால், கணினி அதனை மட்டுமே செய்யும். ஒத்த பெயர்களுள் எது முந்தும் என்பதற்கு உறுதியில்லை. இன்று ஒருவாறும் நாளை வேறொருவாறும் வரலாம்.

இதனால் விளையும் தீங்கு யாது? சல்லிப் பட்டியலைப் பக்கத்திற்குப் பத்துப் பெயராகத் தனித்தனியே கேட்கின்றோம். பத்தாம் பெயரும் பதினோராம் பெயரும் ஒன்றே. இரண்டாம் பக்கத்தைக் கேட்கும்போது அவ்விருவரும் இடம் மாறிவிடின், ஒருவர் இருமுறை தோன்றுவார். மற்றவர் எப்பக்கத்திலும் தோன்றார். பிழைச் செய்தி எதுவும் எழாது. ஒரு வீட்டிற்கு மட்டும் உதவி சென்றடையாது.

பரிகாரம் எளிது. பெயருக்குப் பின், ஒருவருக்கன்றி மற்றொருவருக்கு அமையாத அடையாள எண்ணையும் வரிசைக்குரிய அளவையாகச் சேர்த்தல் வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரிச் சேர்க்கையில், மொத்த மதிப்பெண் ஒத்தவர்க்குக் கணித மதிப்பெண் முதலியவற்றை முறையே நோக்கி, அனைத்தும் ஒத்தவிடத்துச் சமவாய்ப்பு எண்ணைக் கொள்வதும் இந்நெறியே ஆகும்.

ஒத்தவருள் ஒருவர் பிந்துவது தவிர்க்கவொண்ணாதது. ஆயின், அவர் எவ்விதியாற் பிந்தினார் என்பதை முன்னரே எழுதி வைத்தல் நம் கடன். உத்தரமேரூர்ச் சபையார் அக்கடனை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆற்றினர்.