பேனா மையும் பிரிண்டர் மையும்

நான் பள்ளியில் படித்த காலத்தில் பேனாவில் மை தீர்ந்தால் பெட்டிக்கடைக்கு ஓடுவோம். சில காசுகளுக்குக் கடைக்காரர் புட்டியிலிருந்து ஊற்றித் தருவார். "இது எந்தக் கம்பெனி பேனா?" என்று அவர் கேட்டதே இல்லை.

2008-இல் பணி ஓய்வு பெற்றதும், தெருவில் உள்ள பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். வாராவாரம் மாதிரி வினாத்தாள் அடித்துத் தர ஓர் இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கினேன். விலை மலிவுதான். ஆனால் கூடவே வந்த மை, மூன்றாவது வினாத்தாளுக்குள் தீர்ந்துவிட்டது. கறுப்பும் கலரும் புதிதாக வாங்கக் கேட்டால், பிரிண்டர் விலையில் பாதிக்கு மேல் சொன்னார்கள். அந்த மாதம் வினாத்தாள் நின்றது. பையன் ஒருவன் என் ஒரே பிரதியைப் பார்த்து, மற்றவர்களுக்காக நான்கு தாள் கையால் எழுதி எடுத்து வந்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஏன் இந்த விலை என்று தேடிப் படித்தேன். 1977-இல் ஜப்பானின் கேனான் ஆய்வுக்கூடத்தில், சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாக மை நிரம்பிய ஊசியில் பட, மை பீய்ச்சி அடித்ததாம். சூட்டில் குமிழி உண்டாகி மைத்துளியைத் தள்ளும் இங்க்ஜெட் முறை அங்கே அப்படித்தான் பிறந்தது. ஹியூலட்-பேக்கார்டும் தனியாக இதே வழியைக் கண்டு, 1984-இல் 'திங்க்ஜெட்' பிரிண்டரை விற்றது. நுண்துளைகள் அடிக்கடி அடைத்துக்கொள்ளும் என்பதால், அச்சுத் தலையையும் மையையும் ஒரே கார்ட்ரிட்ஜில் வைத்தார்கள். மை தீர்ந்தால் தலையும் புதிது. நல்ல யோசனைதான். ஆனால் நாளடைவில் இயந்திரத்தை மலிவாகக் கொடுத்து, மையில் லாபம் எடுப்பதே வியாபாரமாகிவிட்டது.

வாங்கிய மை முழுவதும் காகிதத்துக்கும் போவதில்லை. தலையைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் கொஞ்சம் உள்ளே உள்ள பஞ்சுக்குப் போகிறது. மூன்று நிறமும் ஒரே டப்பாவில் இருந்தால், ஒன்று தீர்ந்தாலே மற்ற இரண்டும் குப்பைக்குத்தான்.

நம் ஊர் மூளை சும்மா இருக்குமா? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஊசியால் மை நிரப்பித் தந்தார்கள். நானும் வீட்டில் முயன்று கையெல்லாம் நீலமாக்கி, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்தோனேசியாவில் ஜனங்கள் பிரிண்டருக்கு வெளியே புட்டி வைத்து, குழாய் மாட்டி ஓட்டினார்கள். அதைப் பார்த்த எப்சன், 2010-இல் அங்கேயே மைத்தொட்டியுடன் கூடிய பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லெக்ஸ்மார்க்கின் லேசர் டோனர் கார்ட்ரிட்ஜ் வழக்கில், விற்றபின் அந்தப் பொருள்மேல் காப்புரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்பளித்தது.

இப்போது என்னிடமும் தொட்டி பிரிண்டர்தான். முதல் செலவு அதிகம். நிறைய அச்சடிப்பவர்களுக்கே கட்டுப்படியாகும். மாதம் இரண்டு தாள் போதுமென்றால் ஜெராக்ஸ் கடையே மேல். எதுவானாலும் வாரம் ஒரு பக்கமாவது அச்சடியுங்கள், இல்லாவிட்டால் மை காய்ந்து துளை அடைத்துவிடும்.

தொட்டியில் மை ஊற்றும்போது பெட்டிக்கடைக்காரர் நினைவுக்கு வருகிறார். அந்தப் பையன் எழுதிய தாளில் ஒன்று இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.