வாய் திறக்காத பிளம்பர்

உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது. வயசான பிளம்பர் ஒருவர் வருகிறார், வாஷரை மாற்றுகிறார், காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அவர் எந்தப் போர்க்களத்தில் என்ன பார்த்தார் என்று நாம் கேட்கவா போகிறோம்? இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஹாரி பேட்ச் அப்படித்தான் காலத்தை ஓட்டினார்.

1898-ல் பிறந்தவர். பதினைந்து வயதில் பிளம்பரிடம் தொழில் பழகப் போனார். 1916-ல் கட்டாய ராணுவச் சேவை இழுத்துக்கொண்டது. மறு வருடம் பெல்ஜியத்தில், பாஸன்டேல் சேற்றில் நின்றார். லூயிஸ் மெஷின்கன்னை இயக்கும் ஐந்து பேர் குழு அது. ஐவருக்குள்ளும் ஓர் ஒப்பந்தம். முடிந்தவரை யாரையும் கொல்லக் கூடாது, காலில்தான் சுட வேண்டும்!

ஒருநாள் ஜெர்மன் சிப்பாய் ஒருவன் துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்து வந்தான். ஹாரி ரிவால்வரால் தோளில் சுட்டார். அவன் நிற்கவில்லை. அடுத்த குண்டு நெஞ்சுக்குப் போயிருக்கலாம்... கணுக்காலிலும் முழங்காலுக்கு மேலேயும் சுட்டு விழ வைத்தார்.

1917 செப்டம்பர் 22 இரவு ஒரு குண்டு வெடித்தது. குழுவில் மூன்று பேர் போய்விட்டார்கள். ஹாரி காயத்தோடு பிழைத்தார். ஊர் திரும்பி மறுபடி ஸ்பானரைப் பிடித்தார். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் வில்ஸ் நினைவுக் கட்டடத்தில் அவருடைய கைவேலையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் தீயணைப்புப் படையில் உழைத்தார். 1963-ல் ஓய்வு.

போரைப் பற்றி மட்டும் மூச்! கட்டிய மனைவியிடம்கூட. நூறு வயதில் முதியோர் இல்லத்தில், எதிர் அறையில் யாராவது லைட்டைப் போட்டால் அந்த வெளிச்சம் குண்டு வெடிப்பதுபோலத் தெரிந்ததாம். எண்பது வருடம் கழித்தும் அந்த இரவு அவரை விடவில்லை, பாருங்கள்! கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்க, 1998-ல்தான் முதல் முறையாக வாய் திறந்தார்.

2004-ல், அதே போர்க்களத்தில் எதிர்த்தரப்பில் நின்ற சார்லஸ் கூன்ட்ஸைச் சந்தித்தார். ஒருவருக்கு 106 வயது, இன்னொருவருக்கு 107! அவர் பிஸ்கட் கொடுத்தார். இவர் தன் ஊர் ஆப்பிள் மது பாட்டிலைக் கொடுத்தார். கைகுலுக்கிக்கொண்டார்கள்.

நவம்பர் 11-ல் நாடே போர் அஞ்சலி செலுத்தும். ஹாரிக்கோ செப்டம்பர் 22-தான் நினைவு நாள். அந்த மூன்று பேருக்காக.

2009 ஜூலை 25-ல், 111 வயதில் இறந்தார். வெல்ஸ் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. சவப்பெட்டிக்குத் துணையாக பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி நாட்டு சிப்பாய்களும் நடந்தார்கள். எவர் கையிலும் ஆயுதம் இல்லை. அது ஹாரியின் விருப்பம்.

ஐந்து பேர் போட்ட ஒப்பந்தத்தைக் கடைசிவரை காப்பாற்றிவிட்டார் மனிதர்!